ஐசியு வாசலில் கேட்கும் கேள்விகள்: மருந்துக்கு அடங்காத ஆஸ்பத்திரிக் கிருமிகள்

நான் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கிருமியை வளர்த்துப் பார்த்து நாங்கள் கொடுக்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எங்கள் கதவைத் தட்டுகிறவர்கள் நிறைய. டாக்டர் ரவுண்ட்ஸில் ஐந்து நிமிடம் நிற்பார். அவரிடம் கேட்கத் தயங்கியதெல்லாம் எங்களிடம் வந்து சேரும். அப்படி வந்த கேள்விகளை, கேட்ட விதத்திலேயே, இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மட்டும் அவரைப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள்.

அப்பாவைக் கால் எலும்பு முறிவுக்குத்தான் சேர்த்தோம். இப்போது நுரையீரலில் தொற்று என்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்துதான். சேர்த்து 48 மணி நேரம் கழித்துத் தலைகாட்டும் தொற்றை ‘மருத்துவமனையில் வந்தது’ என்றே பொதுவாகக் கணக்கில் எழுதுவோம். இதைச் சொன்னதும் பலருக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான். ஆனால் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், கோபத்தை எங்கே காட்டுவது என்றும் தெரியும்.

நம் உடம்புக்குத் தோல், இருமல், சிறுநீர் ஓட்டம் என்று காவல்கள் உண்டு. ஐசியுவில் அவை ஒவ்வொன்றையும் நாமே திறந்துவிடுகிறோம். வென்டிலேட்டர் குழாய் தொண்டையைத் தாண்டி இறங்குகிறது. இருமித் துப்ப முடியாது. யூரின் டியூப் சிறுநீர்ப்பைக்கு ஒரு நேர்வழி. கழுத்தில் போடும் சென்ட்ரல் லைன் ரத்தத்துக்கே வழி. உயிரைக் காப்பாற்றுவதும் இந்தக் குழாய்கள்தான், கிருமியை உள்ளே விடுவதும் இவைதான். இதற்கு நடுவே கொடுக்கும் ஆன்டிபயாடிக், குடலிலும் தொண்டையிலும் இருக்கும் சாதுவான பாக்டீரியாக்களை அழித்து இடத்தைக் காலி செய்துவிடுகிறது. அந்தக் காலி இடத்தில் வந்து உட்காருவது வார்டில் ஏற்கெனவே பல மருந்துகளைப் பார்த்துத் தப்பிய கிருமி.

எங்கள் ஊர் ஐசியுக்களில் அடிக்கடி வளர்கிற பெயர்கள் நான்கைந்துதான்: கிளெப்சியெல்லா, அசினெட்டோபேக்டர், சூடோமோனாஸ், ஈ.கோலை, எம்ஆர்எஸ்ஏ எனப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை. ரிப்போர்ட்டில் இவற்றில் ஒன்றைப் பார்த்தால் உலகத்தில் யாருக்கும் வராத நோய் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ரெசிஸ்டன்ஸ் என்றால் அப்பா உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. பழகியது கிருமி, உடம்பு அல்ல. இது சின்னத் திருத்தம் மாதிரித் தெரியும், ஆனால் விஷயமே இதில்தான் இருக்கிறது. ‘நான் ஆன்டிபயாடிக்கே சாப்பிட்டதில்லை, எனக்கு எப்படி ரெசிஸ்டன்ஸ் வரும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் ஒரு மாத்திரைகூட விழுங்காமல் இருந்திருக்கலாம். பக்கத்துப் படுக்கைக்காரர் மூன்று வாரமாக மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் வாங்கியிருப்பார். அவரிடம் தேறிய கிருமி உங்களிடம் வந்து சேர்ந்தால், அவருடைய மூன்று வாரத்துக்கும் சேர்த்து நீங்கள் விலை கொடுக்கிறீர்கள்.

ஒரு சின்னக் கிருமி மருந்தை எப்படி எதிர்க்கிறது?

நாலைந்து உபாயங்கள் உண்டு. சில கிருமிகள் மருந்தை வெட்டிப்போடும் நொதியைச் சுரக்கின்றன. சில, மருந்து நுழையும் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. சில, மழைக்காலத்தில் தரைத்தளத்தில் புகுந்த தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே தள்ளுகிறோமே, அதுபோல உள்ளே வந்த மருந்தை இறைத்துக் கொட்டுகின்றன. எம்ஆர்எஸ்ஏ செய்வது இன்னொன்று: மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதத்தையே வேறு வடிவத்தில் செய்துகொள்கிறது. மெதிசிலின் என்ற மருந்து 1959-ல் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு அடங்காத கிருமியை இங்கிலாந்தில் 1961-லேயே கண்டுவிட்டார்கள். இரண்டே வருடம்.

என்னைப் போன்றவர்களைப் பயமுறுத்துவது உபாயம் அல்ல, அது பரவுகிற விதம். பல ரெசிஸ்டன்ஸ் மரபணுக்கள் ‘பிளாஸ்மிட்’ என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. பரீட்சை ஹாலில் பிட்டு கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவன் எழுதிக்கொண்டு வந்தது வரிசை முழுக்கப் போய்விடும். இங்கே அதைவிட மோசம்: பிட்டு வேறு வகுப்புக்கும் போகும். கிளெப்சியெல்லாவிடம் இருந்த பிளாஸ்மிட் ஈ.கோலைக்குப் போகலாம், ஒரே பிட்டில் ஐந்தாறு மருந்துகளுக்கு விடை இருக்கலாம். நல்ல சூழலில் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ராத்திரி ஷிஃப்ட் முடிவதற்குள் எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

‘என்டிஎம்’ என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது. கூகுளில் தேடினால் டெல்லி, சென்னை என்றெல்லாம் வருகிறதே?

ஆமாம், இதில் நம் ஊருக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு. என்டிஎம்-1 என்பது கார்பபெனம் வகை மருந்துகளை வெட்டும் நொதி. மெரோபெனம், இமிபெனம் எல்லாம் அந்த வகைதான். மற்றவை தோற்ற பிறகு கையில் எடுப்பவை. டெல்லியில் சிகிச்சை பெற்று 2008-ல் ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் இந்த நொதி முதலில் அடையாளம் காணப்பட்டது. அதனால் பெயரில் ‘நியூ டெல்லி’ ஏறிக்கொண்டது.

பிறகு 2010 ஆகஸ்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் குமாரசாமி கார்த்திகேயனும் பிரிட்டனின் டிமோதி வால்ஷும் சக ஆய்வாளர்களும் சேர்ந்து லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். என்டிஎம்-1 உள்ள கிருமி மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, துணைக்கண்டத்தின் பிற ஊர்களில் 73 என்று அதில் இருந்தது. உடனே நாட்டில் பெரிய கூச்சல். மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். ஊர்ப்பெயரை நோய்க் காரணிக்கு வைத்தது தவறு என்ற புகாரில் நியாயம் இருந்தது. 2011 ஜனவரியில் அந்த இதழ்க் குழுமத்தின் ஆசிரியரே பெயருக்காக வருத்தம் தெரிவித்தார். ஆனால் பெயரைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாம் கிருமியைப் பற்றிப் பேசவில்லை என்பது என் அபிப்பிராயம். அதே வருடம் வெளியான ஓர் ஆய்வில், டெல்லித் தெருக்களில் தேங்கிய தண்ணீர் மாதிரிகள் 171-ல் 51-ல் என்டிஎம்-1 மரபணு இருந்தது. குடிநீர்க் குழாய் மாதிரிகள் 50-ல் இரண்டில் இருந்தது. ஆஸ்பத்திரிச் சுவருக்குள் அடங்கிய விஷயமாக அது அப்போதே இல்லை.

கூச்சல் அடங்கிய பிறகு ஒரு நல்ல காரியமும் இங்கிருந்தே நடந்தது. 2012 ஆகஸ்ட் 24 அன்று மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் விற்பனைக்கும் மருத்துவமனைத் தொற்றுக்கும் தேசிய அளவில் கட்டுப்பாடு வேண்டும் என்று திட்டம் வகுத்தன. ‘சென்னைப் பிரகடனம்’ என்பது அதுதான். மருத்துவர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்தது. உடனே எல்லாவற்றையும் தடை செய் என்று கேட்காமல், நடக்கக்கூடியதைப் படிப்படியாகக் கேட்டதால்தான் அது காதில் விழுந்தது என்று நினைக்கிறேன்.

இது காற்றில் பரவுமா? மாஸ்க் போட்டால் போதுமா?

காசநோய் காற்றில் பரவும். நாம் இங்கே பேசுகிற கிருமிகளுக்கு முக்கியமான வாகனம் கை. டாக்டர் கை, சிஸ்டர் கை, எக்ஸ்ரே எடுக்க வருபவர் கை, போர்வையைச் சரிசெய்யும் உங்கள் கை. கிருமிக்குக் கால் கிடையாது. ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு அதை யாரோ தூக்கிக்கொண்டு போகிறோம்.

கைக்கு அடுத்தது பொருள்கள். ஸ்டெதஸ்கோப், பிபி பட்டை, கட்டில் கம்பி, மானிட்டர் பொத்தான், செல்போன். அசினெட்டோபேக்டர் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரம் பிடித்த கிருமிகளுக்கு வாஷ்பேசின் வடிகால் சொர்க்கம். மிச்ச டீயையும் ட்ரிப்ஸில் மீந்ததையும் கைகழுவும் பேசினில் கொட்டாதீர்கள் என்று நாங்கள் கத்துவது இதனால்தான். அந்தக் குழாய்க்குள் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, இனிப்பு கிடைத்தால் செழித்து, தண்ணீர் திறக்கும்போது தெறித்து மேலே வரும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரக் கழகத்துக்கு மேரிலாந்தில் சொந்த மருத்துவமனை உண்டு. பணத்துக்கோ ஆளுக்கோ அங்கே குறையில்லை. 2011 ஜூனில் நியூயார்க்கிலிருந்து ஒரு பெண் நோயாளி மாற்றலாகி வந்தார். அவரிடம் கார்பபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா இருப்பது முன்பே தெரியும். முதல் நாளிலிருந்தே தனிமைப்படுத்தி, கவுன், கையுறை என்று எல்லாம் செய்தார்கள். ஜூலையில் அவர் வீடு திரும்பினார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டிருப்பார்கள். மூன்று வாரம் கழித்து, அவரை நேரில் பார்த்தே இராத இன்னொரு நோயாளியிடம் அதே கிருமி. பிறகு வாரத்துக்கு ஒருவர் என்கிற மாதிரி போய், மொத்தம் 18 பேர். 11 பேர் இறந்தார்கள். அதில் 6 மரணங்களுக்கு அந்தக் கிருமியே காரணம் என்று கணித்தார்கள்.

கிருமிகளின் முழு மரபணுவையும் படித்துப் பார்த்தபோது எல்லாம் அந்த முதல் பெண்ணிடமிருந்து கிளம்பியவை என்று தெரிந்தது. நடுவில் இருந்த மூன்று வார இடைவெளி வெறும் தோற்றம். நோய்க்குறியே இல்லாமல் சிலர் அதைக் குடலில் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள். பிளீச் போட்டுத் துடைத்த வென்டிலேட்டரில் இருந்தது, வடிகாலில் இருந்தது. கடைசியில் புதிதாகச் சுவர் எழுப்பி, குழாய்களைப் பிடுங்கி, ஒவ்வொருவரும் கை கழுவுகிறார்களா என்று பார்ப்பதற்கென்றே ஆள் நிறுத்தினார்கள். அங்கேயே இந்தக் கதி என்றால், ஒரு சிஸ்டர் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்க்கும் நம் வார்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்ச்சர் ரிப்போர்ட் வர ஏன் மூன்று நாள்? அதில் ஆர், எஸ் என்று இருப்பது என்ன?

கிருமி வளர ஒரு நாள். வளர்ந்ததைப் பெயர் கண்டு, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்க இன்னொரு நாள். ரத்தக் கல்ச்சர் பாட்டிலை ஐந்து நாள் வரை வைத்துப் பார்ப்போம். நாங்கள் ஃபைலை அடுக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதாக ஒரு பேச்சு உண்டு; அது வேறு ஆபீஸாக இருக்கும்.

எஸ் என்றால் மருந்து வேலை செய்யும், ஆர் என்றால் செய்யாது. ஐ என்றால் அளவைக் கூட்டினால் செய்யலாம் என்ற மாதிரி. பக்கத்தில் 0.5, 2, 16 என்று எண்கள் இருக்கும்; கிருமி வளர்வதை நிறுத்த அந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதன் அளவு அது. இங்கேதான் படித்தவர்களே தவறுகிறார்கள். எண் சிறியதாக இருக்கும் மருந்துதான் சிறந்தது என்று நினைத்து டாக்டரிடம் வாதாடுவார்கள். அது ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி அளவுகோல். ஒரு மருந்தின் 2-ஐ இன்னொன்றின் 0.5-உடன் ஒப்பிடுவது, சென்னை வெயிலை டிகிரியிலும் மதுரை மழையை மில்லிமீட்டரிலும் சொல்லி எது அதிகம் என்று கேட்பது போல.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. சளி எடுக்கச் சொன்னால் எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள். எச்சிலில் வாய்க் கிருமிதான் வளரும். அதை நம்பி மருந்து மாறினால் நஷ்டம் உங்களுக்கு.

கிருமி இருக்கிறது, ஆனால் மருந்து தேவையில்லை என்கிறார் டாக்டர். காசு இல்லை என்று நினைத்துவிட்டாரா?

இல்லை, அவர் சரியாகச் செய்கிறார். கிருமி வந்து குடியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. பல நாள் யூரின் டியூப் போட்டவருக்கு, காய்ச்சலும் வலியும் இல்லாவிட்டாலும், சிறுநீரில் கிருமி வளரத்தான் செய்யும். ரிப்போர்ட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. நோயாளிக்குத்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விடுகிற டாக்டருக்குத் துணிச்சல் அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைத் தனி அறைக்கு மாற்றி, மஞ்சள் போர்டு மாட்டி, கவுன் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். தீட்டு மாதிரி நடத்துகிறார்களே?

இந்தக் கேள்வியைக் கண் கலங்காமல் கேட்டவர் யாருமில்லை. காவல் போட்டிருப்பது அம்மாவிடமிருந்து தள்ளி நிற்க அல்ல. வந்து போகிறவர்களின் கையும் துணியும் கிருமியை அடுத்த படுக்கைக்குக் கொண்டு போகாமல் இருக்க. நீங்கள் அம்மாவின் கையைப் பிடிக்கலாம், சோறு ஊட்டலாம், தலைவாரி விடலாம். வெளியே வரும்போது கையைச் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள். ‘போர்டு மாட்டியதும் சிஸ்டர்கள் முன்போல அடிக்கடி வருவதில்லை’ என்று ஒருவர் சொன்னார். அது நடக்கக்கூடியதுதான், நடக்கக் கூடாததும்கூட. கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

‘கடைசி மருந்து’ என்று கொலிஸ்டின் கொடுக்கிறார்கள். இதற்கும் கேட்காவிட்டால்?

கொலிஸ்டின் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1940-களில் ஜப்பானில் மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஓரம் கட்டிவைத்தோம். வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறோம். அதனால்தான் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் டெஸ்டைத் தினமும் பார்க்கிறார்கள். இதே மருந்தைக் கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துகொண்டிருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? சீனாவில் கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டது என்று 2015 நவம்பரில் செய்தி வந்தது. நம் அரசு உணவுக்கான விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது 2019 ஜூலையில்.

எதற்கும் கேட்காத கிருமியும் உண்டு. அமெரிக்காவின் நெவாடாவில் 70 வயதைத் தாண்டிய ஒரு பெண் 2016-ல் இறந்தார். இந்தியாவில் தொடை எலும்பு முறிந்து பலமுறை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவரிடம் இருந்த கிளெப்சியெல்லா, அந்த நாட்டில் கிடைத்த 26 ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்கவில்லை. ஆனால் ‘கேட்கவில்லை’ என்றதும் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. செஃப்டாசிடிம்-அவிபேக்டம், அஸ்ட்ரியோனாம் என்ற மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து என்டிஎம் கிருமியை அடக்க முடிகிறது. விலைதான் கொள்ளை.

புது மருந்து கண்டுபிடிக்கவே மாட்டார்களா?

கண்டுபிடிக்கிறார்கள், மெதுவாக. சென்னை ஆர்க்கிட் ஃபார்மாவில் உருவான என்மெட்டசோபேக்டம் என்ற மூலக்கூறு, செஃபிபிம் மருந்தோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியைப் பெற்றது. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அது என்டிஎம்முக்கு மருந்தல்ல. கம்பெனிகளுக்கும் இதில் ஆசை குறைவு. சர்க்கரைக்கு மாத்திரை விற்றால் ஆயுள் முழுக்க வாங்குவார்கள். நல்ல ஆன்டிபயாடிக்கை ஒரு வாரம் கொடுத்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் அலமாரியில் பூட்டி வை என்போம்.

அப்படியானால் இதைத் தடுக்கவே முடியாதா?

முடியும், செய்து காட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் எம்ஆர்எஸ்ஏ ரத்தத் தொற்று 2003-04-ல் சுமார் 7,700. ஒவ்வொரு மருத்துவமனையும் எண்ணிக்கையை வெளியே சொல்ல வேண்டும், பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. கை சுத்தம், ஊசி வழிகளைப் பராமரிப்பது, கிருமி சுமப்பவர்களை முன்கூட்டியே பரிசோதிப்பது என்று பழைய வேலைகளையே விடாமல் செய்தார்கள். 2008-09-ல் அது 3,000-க்கும் கீழே வந்தது. அதைச் சாதித்தது எந்த அதிசய மருந்தும் அல்ல.

எனக்குப் பிடித்த பகுதி, எண்ணிக்கையை வெளியே சொன்னது. நம் ஊரில் ‘எங்கள் ஆஸ்பத்திரியில் இன்ஃபெக்‌ஷனே கிடையாது’ என்று சொல்லும் இடம் என்றால் நான் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பேன். தேடாதவர்களுக்குக் கிடைக்காது. ‘இந்த மாதம் மூன்று பேருக்கு வந்தது, இதைச் செய்தோம்’ என்று சொல்லும் இடத்தை நம்பலாம்.

பிறந்த குழந்தைகளுக்குமா வரும்?

வரும். டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளின் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், ரத்தத் தொற்றில் முதலிடம் அசினெட்டோபேக்டருக்கு. அவற்றில் ஐந்தில் நான்குக்கு மேல் பல மருந்துகளுக்கு அடங்காதவை. பச்சிளங் குழந்தைகளுக்கான ஐசியுவான என்ஐசியுவுக்குள் யாரையும் விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் சிஸ்டரோடு சண்டை போடாதீர்கள்.

காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் வாங்கிப் போடுவது இதற்குக் காரணமா?

ஒரு பங்கு. 2014 மார்ச் 1 முதல் அமலில் இருக்கும், மருந்து விற்பனை விதிகளின் ஹெச்-1 அட்டவணைப்படி, 24 ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு, எவ்வளவு என்று தனி ரெஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மற்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் சீட்டு வேண்டும்தான். அசித்ரோமைசின் ஹெச்-1 பட்டியலில் இல்லை என்பது கடைக்காரருக்கு வசதி. சளி, இருமல் பெரும்பாலும் வைரஸால் வருபவை. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் தானாகக் குறைந்த காய்ச்சலுக்குப் பேர் வாங்கிக்கொள்வது அந்த மாத்திரை.

‘கோர்ஸை முழுசாக முடி, இல்லாவிட்டால் ரெசிஸ்டன்ஸ் வரும்’ என்ற பழைய பாடத்தைப் பற்றியும் கேட்பார்கள். காசநோய்க்கு அது அப்படியே பொருந்தும், ஆறு மாதத்தில் ஒரு நாள் குறையக் கூடாது. ஆனால் சாதாரண நிமோனியா போன்றவற்றில் ஐந்து நாள், பத்து நாளுக்குச் சமம் என்று இப்போது தெரிகிறது. தேவைக்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் குடல் கிருமிக்கு ஒரு பயிற்சி நாள். நீங்களாக நிறுத்தாதீர்கள், ‘இன்னும் எத்தனை நாள் வேண்டும்?’ என்று கேளுங்கள்.

நாங்கள் கூடவே இருக்கிறோம். எங்களால் ஆவது என்ன?

நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் ஹேண்ட் ரப் போட்டு, காயும்வரை இருபது முப்பது நொடி தேயுங்கள். கையில் அழுக்கோ மலமோ பட்டிருந்தால் சோப்புத் தண்ணீர்தான். கட்டிலில் ஏறி உட்கார வேண்டாம். பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பாவம் என்று நீங்களே உதவப் போகாதீர்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். சிறுநீர்ப் பையைத் தரையில் போடாமல், ஆனால் இடுப்பு மட்டத்துக்குக் கீழே தொங்கவிடுங்கள். தினமும் காலை ரவுண்ட்ஸில், ‘இந்த டியூப் இன்றைக்கும் வேண்டுமா டாக்டர்?’ என்று கேளுங்கள். மறந்துபோய் இன்னும் இரண்டு நாள் கிடந்திருக்க வேண்டிய டியூப் அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போன பிறகு பேரன் பேத்திகளைத் தூக்கலாமா?

தூக்கலாம். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இந்தக் கிருமிகளால் பொதுவாக ஆபத்து இல்லை. கழிவறை போய்வந்ததும், சமையலுக்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். டயப்பர் மாற்றுபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். பாத்திரத்தைத் தனியாக வைக்க வேண்டியதில்லை.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கூடாது. குடலில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் இருக்கலாம். அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால், முதல் நாளே ‘இவருக்கு முன்பு இந்தக் கிருமி இருந்தது’ என்று சொல்லிவிடுங்கள். ஒதுக்கிவிடுவார்களோ என்று மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால், கேட்காத மருந்திலேயே முதல் மூன்று நாள் போய்விடும். ஒருவர் எல்லா ரிப்போர்ட்டையும் லேமினேட் செய்து எடுத்துவந்தார். அவ்வளவு வேண்டாம். செல்போனில் ஒரு போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வைத்தால் போதும்.